பச்சை உடம்புக்கு ஆறு வாரம்

பிள்ளை பெற்றவளை எங்கள் பக்கம் 'பச்ச ஒடம்புக்காரி' என்பார்கள். பச்சை மண், பச்சைப் புண் என்று சொல்கிறோமே, அதே பச்சை. இன்னும் காயாதது, ஆறாதது, இறுகாதது என்று பொருள். ஒரே சொல்லில் ஒரு முழு மருத்துவக் குறிப்பு. ஆனால் அந்தப் பச்சை உடம்பு ஆற எத்தனை நாள் ஆகும், அதுவரைக்கும் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும்.

அக்கா மகளுக்குத் தேதி நெருங்குது. தலைப்பிரசவம். சிங்காநல்லூரில் அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. வந்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. என் அம்மா, அதாவது அவளுக்கு அம்மிச்சி, ஒரு பக்கம்: நாற்பது நாள் தரையில் கால் வைக்கக் கூடாது, தண்ணியை அளந்துதான் குடிக்கணும், காதில் பஞ்சு, வயிற்றில் கட்டு. போனில் ஏகப்பட்ட வீடியோ பார்த்து வைத்திருக்கும் பேத்தி இன்னொரு பக்கம்: "அதெல்லாம் அந்தக் காலம் அம்மிச்சி. மூணாம் நாள் எந்திரிச்சு எல்லா வேலையும் பாப்பேன்." பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எதையும் பிரித்துப் போட்டு, எந்தப் பகுதி எதற்காக இருக்கு என்று பார்ப்பது தொழில் பழக்கம். பேறுகால ஓய்வையும் அப்படிப் பிரித்துப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முடிவை முதலிலேயே சொல்லிடறேன். நாள் கணக்கில் அம்மிச்சி கிட்டத்தட்ட சரி. கால் கீழே வைக்கிற விஷயத்தில் பேத்தி சரி. ஆனால் இருவருமே பேசாத ஒன்றுதான் இதில் முக்கியமானது: அவள் செய்ய வேண்டிய வேலையை அந்த ஆறு வாரம் யார் செய்யப் போகிறார்கள்?

உள்ளே என்ன நடக்குது?

பிரசவம் முடிந்த உடனே கர்ப்பப்பையின் எடை சுமார் 1 கிலோ. அதன் மேல் விளிம்பு தொப்புள் மட்டத்தில் கையில் தட்டுப்படும். ஒரு வாரத்தில் அது பாதியாகிறது. இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். ஆறாவது வாரம் பார்த்தால் 100 கிராமுக்கும் கீழே. ஒரு கிலோ உறுப்பு நாற்பது சொச்சம் நாளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்குது. உடம்பில் வேறெந்த உறுப்பும் இந்த வேகத்தில் தன்னைத் திருப்பிக் கட்டிக்கொள்வதில்லை.

எடையைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் காயம். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடம், அது பிரிந்ததும், கிட்டத்தட்ட உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறந்த புண். வெளியே தெரியாததால் அதைப் புண் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் புண் ஆறும் கதையைத்தான் உதிரப்போக்கு நமக்குச் சொல்லிக்கொண்டே வருது. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பு, பிறகு பத்து நாள் வரைக்கும் வெளிறிய பழுப்பு, அப்புறம் வெள்ளையாக நான்கு முதல் ஆறு வாரம் வரை. நஞ்சுக்கொடி இருந்த இடத்தில் புதுத் தோல் முழுதாகப் படர சுமார் ஆறு வாரம் ஆகும்.

பழுப்பாக மாறின உதிரம், கொஞ்சம் அதிகமாக வேலை செய்த நாளில் மறுபடி சிவப்பாகும். பல தாய்மார்களுக்கு இது தெரியும். 'இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிட்டே' என்று உடம்பு அனுப்பும் எச்சரிக்கை அது.

அறுவை சிகிச்சை என்றால் இதற்கு மேல் வயிற்றுச் சுவரிலும் கர்ப்பப்பையிலும் வெட்டுக் காயம். தமிழ்நாட்டில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5 சதவீதம். நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் முறைகள் எல்லாம் சுகப்பிரசவ உடம்பை வைத்து உருவானவை. இப்போது கிட்டத்தட்ட இரண்டில் ஒருத்தி தையலோடு வீட்டுக்கு வருகிறாள். பழைய முறையை அப்படியே அவளுக்குப் போட்டால் பொருந்தாது. மேல்தோல் தையல் இரண்டு வாரத்தில் ஆறின மாதிரி தெரியும். உள்ளே தசையின் உறை முழு வலு பெற மாதக்கணக்கு ஆகும். 'குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீங்க' என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

படுத்தே கிடக்கணுமா?

நாற்பது நாள் தரையில் கால் வைக்காமல் இருப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலீஷ்காரர்களும் பேறுகாலத்துக்கு 'படுத்திருத்தல்' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். 1844-ல் சென்னையில் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வைத்த பெயரே படுத்திருக்கும் மருத்துவமனைதான். இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1930-கள் வரைக்கும் பத்து நாள், இரண்டு வாரம் படுக்கையில் வைப்பதுதான் மருத்துவ முறை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கைத் தட்டுப்பாடு வந்து, தாய்மார்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்க விட ஆரம்பித்தார்கள். நடந்தவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

காரணம் ரத்தத்தில் இருக்கு. பிரசவத்தில் ரத்தம் போய் உயிர் போகாமல் இருக்க, கர்ப்ப காலத்திலேயே உடம்பு ரத்தம் உறையும் திறனைக் கூட்டி வைக்குது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே ரத்தம், அசையாமல் கிடந்தால், காலில் உள்ள ஆழமான நாளங்களில் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த ஆபத்து மிக அதிகமாக இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு வாரம். கொஞ்சம் மிச்சம் பன்னிரண்டு வாரம் வரைக்கும் நீடிக்கும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆக, நாற்பது நாள் கட்டிலில் கிடத்துவது பாதுகாப்பு இல்லை. அன்றைக்கே அல்லது மறுநாளே எழுந்து, வீட்டுக்குள் மெதுவாக நடப்பதுதான் பாதுகாப்பு.

காற்று அடித்தால் 'ஜன்னி' வந்துவிடும் என்ற பயமும் இப்படித்தான். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பிரசவமான பெண்கள் காய்ச்சலிலும் வலிப்பிலும் செத்ததை ஊர் பார்த்திருக்கு. பார்த்தது நிஜம், சொன்ன காரணம்தான் தப்பு. காய்ச்சலுக்குக் காரணம் கிருமி, அதைக் கொண்டு வந்தது பெரும்பாலும் கை. வலிப்புக்குக் காரணம் ரத்த அழுத்தம்.

வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-ல் கண்டது இதைத்தான். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் 1846-ல் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் செத்தார்கள். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் 1848-ல் அது நூற்றுக்கு 1.3-க்கும் கீழே வந்தது. அதற்கும் முன்னே, 1773-லேயே, மான்செஸ்டரில் சார்லஸ் ஒயிட் என்ற மருத்துவர் பிரசவ அறையின் ஜன்னலைத் திறங்கள், தாயை உட்கார வையுங்கள், சுத்தமாக வையுங்கள் என்று புத்தகமே எழுதினார். ஆக ஜன்னலை மூடி, காதில் பஞ்சு வைப்பதால் ஒன்றும் தடுக்க முடியாது. குழந்தையைப் பார்க்க வருபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவினால் தடுக்கலாம்.

தீட்டுக்குள் ஒளிந்திருந்த விடுப்பு

படுக்கையும் பஞ்சும் போனால் பாட்டி முறையில் மிச்சம் என்ன? இங்கேதான் எனக்குச் சுவாரசியமான விஷயம் கிடைத்தது.

பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. பதினொரு நாள், பதினாறு நாள், முப்பது, நாற்பது என்று குடும்பத்துக்கும் சாதிக்கும் தகுந்த மாதிரி கணக்கு மாறும். சமையல்கட்டுக்குள் வரக் கூடாது, பூஜை அறைக்குள் போகக் கூடாது, குடத்தைத் தொடக் கூடாது. ஒரு பெண்ணை அசுத்தம் என்று சொல்லி ஒதுக்குகிற விதி இது, அதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. பல வீடுகளில் காற்றும் வெளிச்சமும் இல்லாத ஓரத்தில்தான் அவளைப் போட்டார்கள். ஆனால் அந்த விதி நடைமுறையில் என்ன செய்தது என்று பாருங்க. சமைக்காதே, தண்ணி எடுக்காதே, பாத்திரம் தொடாதே. அவளை அவமதித்த அதே விதி, அவளுக்கு வேலையிலிருந்து விடுதலையும் கொடுத்தது. பகுத்தறிவோ, அடுக்குமாடி வாழ்க்கையோ, ஏதோ ஒன்று வந்து நாம் தீட்டை விட்டோம். நல்லது. கூடவே அதற்குள் ஒளிந்திருந்த விடுப்பையும் சேர்த்து விட்டுவிட்டோம். 'தீட்டெல்லாம் நாங்க பாக்கறதில்லைங்க' என்று பெருமையாகச் சொல்லும் வீட்டில், பத்தாம் நாள் அவள் அடுப்படியில் நிற்கிறாள்.

அந்தக் காலத்திலும் எல்லோருக்கும் அந்த விடுப்பு கிடைத்ததா என்றால், இல்லை. தோட்டமும் ஆள் பலமும் இருந்த வீட்டில் கிடைத்தது. கூலிக்குப் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே பெண்ணுக்கே முதல் பிள்ளைக்குக் கிடைத்தது, இரண்டாவதுக்குக் கிடைக்கவில்லை. என் அம்மாவிடம் கேட்டேன். அக்கா பிறந்தபோது அவருடைய அம்மா வீட்டில் ஐந்து மாதம் இருந்திருக்கிறார். நான் பிறந்தது புகுந்த வீட்டில். "பன்னண்டாம் நாளு கொடத்தைத் தூக்கிட்டுத் தண்ணிக்குப் போனேன் கண்ணு. வேற யாரு இருந்தா?" என்றார். நாற்பது நாள் சட்டத்தை இப்போது இவ்வளவு கறாராகப் பேசுபவர் அவர். அவருக்கே அது பாதிதான் கிடைத்தது.

இந்த 'வேற யாரு இருந்தா' என்ற கேள்விக்கு ஆராய்ச்சியிலும் இடம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து பின்தொடர்ந்து, 2002-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு, ஆண் பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதவர்களுக்கு, கர்ப்பத்தின்போது துயரம் நேர்ந்தவர்களுக்கு. அந்தப் பட்டியலில் இன்னொன்று: கூடமாட வேலைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு. துணைக்கு ஆள் இருப்பதைச் சொகுசு என்று நினைக்கிறோம். பிரசவமானவளுக்கு அது மருந்தில் ஒரு பாகம்.

ஆறு வாரம் சட்டத்துக்குள் வந்த கதை

வீட்டில் நாற்பது நாள் என்றார்கள். சட்டம் ஆறு வாரம் என்கிறது, அதாவது நாற்பத்திரண்டு நாள். இரண்டும் தனித்தனி வழியில் வந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன.

1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு வாஷிங்டனில் கூடியது. அங்கே நிறைவேறிய மூன்றாவது உடன்படிக்கையே பேறுகாலம் பற்றியது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலைக்கு விடக் கூடாது என்றது அது. இந்தியாவில் முதல் பேறுகாலச் சட்டம் 1929-ல் பம்பாய் மாகாணத்தில் வந்தது. அந்த மசோதாவை ஆதரித்து 1928-ல் பம்பாய் சட்ட மேலவையில் பேசியவர் அம்பேத்கர். தாய்க்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை, ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சென்னை மாகாணச் சட்டம் 1934-ல் வந்தது. நாடு முழுமைக்குமான பேறுகாலப் பயன் சட்டம் 1961-ல். பிரசவம் முடிந்து ஆறு வாரத்துக்குள் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்வது முதலாளிக்குக் குற்றம், அவளே விரும்பினாலும் வேலை செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். 2017 ஏப்ரல் முதல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாகக் கூடியது. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த விதிகள் இருக்கின்றன.

இதில் கோவைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லோடு ஆரம்பித்த பஞ்சாலைத் தொழில், 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வேகமெடுத்தது. ரீலிங், வைண்டிங் பிரிவுகளில் பெண்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். பிரசவச் செலவு முழுதும் ஒரே முதலாளியின் தலையில் விழுந்தால், அவர் பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார். இதற்கு மாற்று, எல்லா முதலாளிகளும் எல்லாத் தொழிலாளிகளும் பணம் போட்டு ஒரு பொது நிதி. அதுதான் இ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1955-ல் முதலில் தொடங்கியது கோவையில். எங்கள் சிங்காநல்லூரின் அடையாளமாகவே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி நிற்பது அந்த வரலாற்றின் மிச்சம். இன்றைக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு, சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், 26 வாரத்துக்கு முழு ஊதியம் அந்த நிதியிலிருந்து வரும். ஆண் தொழிலாளி கட்டும் பணமும் அதில் இருக்கு. வேலையைப் பங்குபோடுவது போலச் செலவைப் பங்குபோடும் ஏற்பாடு.

மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு. சரி, வீட்டு வேலைக்குப் போகிறவர், தெருவில் பூ விற்கிறவர், ஆவணமில்லாத சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்? அவர்களுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி உண்டு. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018 முதல் 18,000. அதில் ரொக்கம் 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. முதல் இரண்டு பிரசவத்துக்கு.

ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தேன். 14,000 ரூபாயை ஆறு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 333 ரூபாய். மில் தொழிலாளிக்குக் கிடைக்கும் 26 வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 77 ரூபாய். முதல் கணக்கில் ஒரு கூலிப் பெண் ஓரளவு மூச்சு விடலாம். இரண்டாவது கணக்கில் முடியாது. ஆக அவருடைய உடம்பு எவ்வளவு நாள் ஆறலாம் என்பதைக் கர்ப்பப்பை தீர்மானிப்பதில்லை, வேலை எங்கே கிடைத்தது என்பது தீர்மானிக்குது.

இன்னொன்று. எல்லாச் சட்டமும் நிறுத்தி வைப்பது சம்பள வேலையை மட்டும்தான். துணி துவைக்கிறதை, சமைக்கிறதை நிறுத்திவைக்கச் சட்டம் இல்லை.

அம்மிச்சியின் பட்டியல்: எதை வைக்கலாம், எதை விடலாம்

*தண்ணீர்.* 'தண்ணி குடிச்சா வயிறு பெருக்கும், தையல் சீழ் பிடிக்கும்' என்பது முற்றிலும் தப்பு. தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் தரும் உடம்புக்குத் தண்ணீரை அளப்பது அநியாயம். குறைத்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். தாகத்துக்குத் தகுந்த மாதிரி குடிக்கட்டும். இது உடனே விட வேண்டிய பழக்கம்.

*பத்தியம்.* பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, முருங்கைக்கீரை, கருவாடு, நல்லெண்ணெய் எல்லாம் தாராளமாக வைக்கலாம். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் நாளுக்குக் கூடுதலாக 600 கலோரி வேணும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். சிக்கல், பத்தியம் என்ற பெயரில் நிறுத்துகிற பழம், பருப்பு, முட்டை, காய்கறிகளில். சேர்க்கிற பத்தியம் நல்லது. குறைக்கிற பத்தியம் வேண்டாம்.

*லேகியம்.* சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி போட்டு வீட்டில் கிண்டுவது கொஞ்சமாகச் சாப்பிட்டால் பாதகமில்லை. உள்ளே என்ன இருக்கு என்று எழுதாத டப்பா லேகியம் வேண்டாம். லேகியம் சாப்பிடறோமே என்று இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் அதைச் சாப்பிடச் சொல்கிறது அரசுத் திட்டம். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

*வயிற்றுக்கட்டு.* பழைய நூல் புடவையைத் தளர்வாகக் கட்டினால், முக்கியமாகச் சிசேரியன் ஆனவர்களுக்கு, எழுந்து உட்காரும்போது தெம்பாக இருக்கும். வயிறு உள்ளே போவது கட்டினால் இல்லை. கர்ப்பப்பை தானாகத்தான் சுருங்கும். மூச்சு முட்ட இறுக்கினால் இடுப்புக்குக் கீழே உள்ள தசைகளுக்குத்தான் கூடுதல் சுமை.

*வெந்நீர்க் குளியல்.* இதமான சூட்டில் நல்லது. கொதிக்கக் கொதிக்க அடித்து ஊற்றுவது ரத்தம் போன உடம்புக்கு மயக்கம் தரும், தையலுக்கும் ஆகாது.

ஒரு ஷிப்ட் கணக்கு

பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். பத்து முறை என்று வைங்க. ஒவ்வொரு முறையும் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வர வைத்து, துணி மாற்றி, தூங்க வைக்க ஐம்பது நிமிடம். மொத்தம் 500 நிமிடம். எட்டு மணி நேரம் இருபது நிமிடம்.

மில் கணக்கில் ஒரு முழு ஷிப்ட். ஆனால் காலை ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது மாதிரி இல்லை. இந்த எட்டு மணி நேரத்தை மூன்று ஷிப்டிலும் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டிருக்கு. இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க வழியில்லாமல். 'சும்மாதானே படுத்திருக்கா' என்று நாம் சொல்லும் பெண், உள்ளங்கை அகலப் புண்ணோடு, தினமும் ஒரு முழு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் சமையல், துணி, வந்த விருந்தாளிக்குக் காபி என்று சேர்த்தால் அது இரண்டாவது ஷிப்ட்.

அந்த எட்டு மணி நேரத்தில் தாய் மட்டுமே செய்யக்கூடியது பால் கொடுப்பது. ஏப்பம், துணி, தூக்கம் எல்லாம் வேறு யாரும் செய்யலாம். ஐம்பது நிமிடத்தில் இருபது நிமிடம் வேறொருவர் எடுத்துக்கொண்டால், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அவளுக்குத் தூக்கம் கிடைக்கும். இதற்குப் பணமோ மருந்தோ வேண்டாம். அப்பனாக ஒருவர் எழுந்தால் போதும். மத்திய அரசு ஊழியர்களுக்குத் தந்தை விடுப்பு 15 நாள், தனியார் நிறுவனங்களில் அதற்கும் சட்டம் இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாரக் கடைசியில் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகும் மாப்பிள்ளை வழக்கம் வசதியாகப் போயிடுச்சு. வேலை முழுதும் அறுபது வயதை நெருங்கும் பெண்ணின் அம்மா தலையில். அவருக்கும் மூட்டு வலி இருக்குங்க.

எதற்குக் காத்திருக்கக் கூடாது

ஓய்வு எடுத்தால் சரியாகிடும் என்று விடக் கூடாதவை சில உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனையும் ரத்தப்போக்கு. காய்ச்சல், கெட்ட வாடையோடு உதிரம். தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல். பிரசவத்துக்கு முன் ரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பிறகு இது வரலாம். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. இவற்றில் எது வந்தாலும் நல்ல நேரம் பார்க்காமல் 108.

மனசுக்கும் அளவு உண்டு. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு வரும், இரண்டு வாரத்தில் போயிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால், குழந்தையின் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், செத்துவிடலாம் என்று தோன்றினால், அது நோய். மருந்தும் பேச்சும் இரண்டும் பலன் தரும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

உலக சுகாதார அமைப்பு 2022-ல் சொன்னது: சுகப்பிரசவம் என்றாலும் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருக்கணும். பிறகு இரண்டு மூன்று நாளில் ஒரு முறை, இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை தாயையும் குழந்தையையும் பரிசோதிக்கணும். நம் வீடுகளில் குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை பத்திரமாக இருக்கும். தாயின் ஆறாவது வாரப் பரிசோதனைதான் மறந்துபோகும். ஆறாவது வாரம் குழந்தைக்கு ஊசி போடத்தானே போகிறோம், அன்றைக்கே தாயையும் காட்டிவிட்டு வரலாம்.

பஞ்சாயத்துத் தீர்ப்பு என்று நான் கொடுத்தது ஒரு காகிதம். ஆறு வாரத்தின் வேலைகள் இடது பக்கம், பெயர்கள் வலது பக்கம். ராத்திரி இரண்டு மணித் துணி மாற்றத்துக்கு நேராக மாப்பிள்ளை பெயர், துவைப்பதற்கு என் பெயர், பத்தியச் சமையலுக்கு அக்காவும் என் மனைவியும் முறை வைத்து. கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் தேதிக்கு முன்னாலேயே இப்படி ஒன்றை எழுதிப் பாருங்க. வலது பக்கம் எந்த வரியாவது காலியாக இருந்தால், அந்த வேலையை அவள்தான் செய்யப் போகிறாள் என்று அர்த்தம்.